நளினி இல்லைங்க, நல்லினி

என் பெயர் நல்லினி. இந்த வரியையே நளினி என்று படித்துவிட்டுத் திரும்ப வந்து பார்த்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள், அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, பிறந்ததிலிருந்து இதுதான் நடக்கிறது. பெண் குழந்தைக்கு யாரும் வைக்காத தமிழ்ப் பெயராகப் பார்த்து வைக்க வேண்டும் என்று இப்போது நிறையப் பேர் தேடுகிறார்கள். அப்படி ஒரு பெயரோடு சென்னையில் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், கல்யாணப் பத்திரிகையும் அடித்தவள் என்ற முறையில் எனக்குச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது.

பெயர் வந்த இடம் பதிற்றுப்பத்து, சேர அரசர்களைப் பத்துப் பத்துப் பாட்டாகப் பாடிய சங்க நூல். அதில் இரண்டாம் பத்து இமயவரம்பன் நெடுஞ்சேரலாதனைப் பற்றிக் குமட்டூர்க் கண்ணனார் பாடியது. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு பதிகம் உண்டு, அரசன் யாருடைய மகன், என்ன செய்தான், புலவருக்கு என்ன கொடுத்தான் என்றெல்லாம் சொல்லும். இரண்டாம் பத்தின் பதிகத்தில் ‘இன்னிசை முரசின் உதியஞ் சேரற்கு வெளியன் வேண்மாள் நல்லினி ஈன்ற மகன்’ என்று வருகிறது. அவ்வளவுதான். உதியஞ்சேரலின் மனைவி, வெளியன் என்ற வேளின், அதாவது குறுநிலத் தலைவனின் மகள், இமயவரம்பனின் அம்மா, பெயர் நல்லினி. கணவனைப் புறநானூற்றின் இரண்டாம் பாட்டே புகழ்கிறது. மகன் இமயத்தில் வில் பொறித்தவன் என்று பெயர் வாங்கிவிட்டான். இவளுக்குக் கிடைத்தது ஒரு பெயர் மட்டும். ஆனால் அதுவே பெரிய விஷயம் என்பது மற்றப் பதிகங்களைப் பார்த்தால்தான் புரியும். சேர அரசர்களைப் பெற்றவர்களில் ஒருத்தியை ‘வேளாவிக் கோமான் தேவி’ என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறது பதிகம். சொந்தப் பெயர் தெளிவாக நிற்பது நல்லினி, அந்துவஞ்செள்ளை என்று மிகச் சிலருக்குத்தான். இந்தப் பதிகங்கள் பாட்டுகளுக்குப் பின்னால் எழுதிச் சேர்த்தவை என்று அறிஞர்கள் சொல்வார்கள். யார் எழுதிச் சேர்த்திருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் கடைசிப் பத்தும் கிடைக்கவே இல்லை. உ.வே.சாமிநாதையர் 1904-இல் பதிப்பித்தபோது எட்டுப் பத்துதான் கையில் இருந்தது. இரண்டாம் பத்தும் கறையானுக்குப் போயிருந்தால் நான் நித்யாவாகவோ நதியாவாகவோ இருந்திருப்பேன்.

என் அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில், ஐ.சி.எஃப்-இல் வேலை பார்த்தவர். தமிழ் வாத்தியார் எல்லாம் கிடையாது. சம்பளம் வந்த வாரம் திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடைகளுக்குப் போய்ப் பழைய புத்தகங்களைக் கிளறிக்கொண்டு நிற்பார். அங்கே வாங்கிய, முன்னட்டை போன ஒரு பதிற்றுப்பத்தில் இந்தப் பெயரைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார், எனக்கு அண்ணன் பிறப்பதற்கு முன்பிருந்தே. அண்ணன் பையனாகப் போய்விட்டதால் பெயர் எனக்காகக் காத்திருந்தது. நான் அனுஷத்தில் பிறந்தேன், அனுஷத்துக்கு எழுத்து ந, நி, நு, நே. ஜோசியமே பிடிக்காத அப்பா அன்றைக்கு மட்டும் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ‘பார், எழுத்துகூடப் பொருந்துது’ என்றாராம். ஆயாவுக்குச் சம்மதமில்லை, நாகம்மா என்று குலதெய்வத்தின் பெயரைக் கேட்டார். ‘இன்னாடா பேரு இது நல்லினி, வாய்ல நிக்கவே மாட்டேங்குது’ என்று சொன்னவர் கடைசி வரை என்னை ‘நல்லி’ என்றுதான் கூப்பிட்டார்.

பெயர் வைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான். புத்தகத்தில் இருக்கிற முழுப் பெயரை யாரும் கூப்பிடப் போவதில்லை, அதை ஒடித்துத்தான் கூப்பிடுவார்கள், ஒடித்தால் என்ன வருகிறது என்று பாருங்கள். என் பெயரை ஒடித்தால் நல்லி. மட்டன் கடையில் நல்லி எலும்பு, தி.நகர் போனால் நல்லி சில்க்ஸ். பள்ளியில் என் பின்பெஞ்சில் இருந்தவள் தினமும் மதியம் ‘இன்னைக்கு உங்க வீட்ல சூப்பா?’ என்று கேட்பாள், எங்கள் வீட்டில் அன்று ரசமாக இருந்தாலும். ஒன்பதாவது வந்த பிறகு நானே என்னை இனி என்று அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தேன், அது ஒட்டிக்கொண்டது. கூப்பிடுகிற பெயரை ஊர் முடிவு பண்ணுவதற்குள் நீங்கள் முடிவு பண்ணிவிடுவது நல்லது.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் நளினி.

பெயர் அபூர்வமாக இருப்பதால் பிரச்சினை வருவதே இல்லை. சுத்தமாகக் கேள்விப்படாத பெயராக இருந்தால் எதிரில் இருப்பவர் நிறுத்தி, ‘என்னங்க, திரும்பச் சொல்லுங்க’ என்று கேட்டு எழுதிக்கொள்வார். அபூர்வமான பெயர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெயருக்கு ஓரெழுத்துப் பக்கத்தில் இருந்தால்தான் வில்லங்கம். யாரும் கேட்கவே மாட்டார்கள். அவர்களுக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. நளினி என்பது தாமரையைச் சொல்லும் வடமொழிப் பெயர், என் அம்மா வயதுக்காரர்களில் எந்தத் தெருவில் தேடினாலும் ஒரு நளினி கிடைப்பார், எண்பதுகளில் திரையில் வேறு ஒரு நளினி புகழோடு இருந்தார். நான் நல்லினி என்று சொன்னதும் கேட்கிறவர் காதே அதை நளினியாகத் திருத்திக்கொள்கிறது.

எங்கள் பக்கத்தில் ஒரு கிளினிக், சாயங்காலம் ஆனால் உட்கார இடம் இருக்காது. பெயர் கொடுத்தேன். நோட்டில் எழுதுகிற பெண் தலை நிமிராமலே ‘நளினி... வயசு?’ என்றாள். நல்லினிம்மா, ரெண்டு ல என்று சொன்னேன். சரிக்கா என்று சொல்லிவிட்டு எதையும் மாற்றவில்லை, நான் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்குத் தொண்டை கட்டிக் காய்ச்சல், சண்டை போடத் தெம்பில்லை. கொஞ்ச நேரத்தில் ‘நளினி’ என்று கூப்பிட்டார்கள். நான் எழுந்திருப்பதற்குள் எதிர் பெஞ்சில் இருந்த ஓர் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து உள்ளே போய்விட்டார். அவரும் நளினி. உள்ளே டாக்டர் என் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ‘காய்ச்சல் எத்தனை நாளா?’ என்று கேட்க, அந்த அம்மா ‘காய்ச்சலா, எனக்கு முட்டிங்க’ என்று சொன்னது வெளியே எல்லோருக்கும் கேட்டது. வெளியில் வந்தவர் என்னைப் பார்த்து, ‘நீயும் நளினியாம்மா?’ என்றார். நான் இல்லை என்று தலையாட்டியது அவருக்குப் புரிந்திருக்காது. மருந்துச் சீட்டு மாறிப்போயிருந்தால் சிரிக்கிற கதையாக இருந்திருக்காது. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி, லேப் எங்கே போனாலும் பெயரோடு கைபேசி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தையும் சேர்த்துச் சொல்கிறேன், சீட்டு கைக்கு வந்ததும் பெயரையும் வயதையும் படித்துப் பார்க்கிறேன். இந்தப் பழக்கம் ரம்யா என்று சாதாரணப் பெயர் உள்ளவர்களுக்கும் தேவைதான், எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவை.

பள்ளியில் நடந்தது இதைவிட நுட்பமானது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன்னால் மாணவர் பெயர்ப் பட்டியல் தயார் செய்வார்கள், நாமினல் ரோல் என்பார்கள், நாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதில் இருப்பதுதான் மதிப்பெண் சான்றிதழில் ஏறும், அதைத்தான் பிறகு காலேஜ், வேலை, பாஸ்போர்ட் எல்லா இடத்திலும் கேட்பார்கள். எங்கள் வகுப்பு ஆசிரியைக்கு எழுத்துப் பிழை என்றால் ஆகாது, நல்ல மனுஷி. என் பெயரைப் பிழை என்றே நினைத்து, அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் அழகாக நளினி என்று எழுதியிருந்தார். அப்பா மறுநாளே அரை நாள் லீவு போட்டு, அந்த அட்டையில்லாத பதிற்றுப்பத்தையும் என் பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு வந்தார். புத்தகத்தைக் காட்டியபோது டீச்சர் ஆர்வமாகப் படித்தார், பதிகம் முழுக்க வாசித்தார், தமிழ் ஐயாவைக் கூப்பிட்டுக் காட்டினார், ஸ்டாஃப் ரூமில் ஒரே பேச்சு. ஆனால் பட்டியலைத் திருத்த வைத்தது பதிற்றுப்பத்து இல்லை, பிறப்புச் சான்றிதழ். தலைமை ஆசிரியை அதைத்தான் வாங்கிப் பார்த்தார்.

அதனால் காகித விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குழந்தை பிறந்ததை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆஸ்பத்திரியில் பிறந்தால் அதை அவர்களே அனுப்பிவிடுவார்கள். அப்போது பெயர் கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம், 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். ஆனால் ஒருமுறை ஏறிய பெயரைப் பிடிக்கவில்லை என்று எடுத்துவிட்டு வேறு போடுவது நடக்காது, எழுத்துப் பிழை இருந்தால் அதை மட்டும் திருத்தித் தருவார்கள். நர்ஸ் ஃபாரத்தை நீட்டும்போது அவசரத்தில் ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். வீட்டில் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருந்தால் ஓடட்டும், பெயர் இடம் காலியாக இருக்கட்டும். முடிவானதும் தமிழில் ஒரு தாளிலும் ஆங்கில எழுத்தில் ஒரு தாளிலும் பெரிதாக எழுதி எடுத்துப் போய்க் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள். சென்னை மாநகராட்சி இணையத்திலிருந்து சான்றிதழை இறக்கியதும் முதலில் அந்த இரண்டு வரியையும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள். 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் வந்துவிட்டது. பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை அதை நீட்டப் போகிறீர்கள், அதில் பெயர் ஓரெழுத்து மாறியிருந்தால் எல்லா இடத்திலும் விளக்கம் சொல்ல வேண்டும்.

ஆதாரில் வேறு ஒரு கூத்து. ஆங்கிலத்தில் அடித்தால் தமிழ் வரி தானாக வந்துவிடும், வரும் தமிழ் அதன் இஷ்டம். ஒரு சேர்க்கை மையத்தில் என் பக்கம் திருப்பி வைத்திருந்த திரையில் ‘நள்ளிணி’ என்று வந்தது. தமிழில் தப்பாக இருக்கிறது என்றேன், ‘இங்கிலீஷ்ல கரெக்டா இருக்கு இல்ல மேடம், அது போதும்’ என்றார் அந்தப் பையன். போதாது தம்பி என்று நின்றேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் உச்சுக்கொட்ட, அவன் ஒவ்வோர் எழுத்தாக அழித்து, மூன்று சுழி ண-வை இரண்டு சுழி ன ஆக்கிக் கொடுத்தான். பாவம், நல்ல பிள்ளை. அந்தத் திரை நம் பக்கம் இருப்பதே நாம் பார்ப்பதற்குத்தான், கூச்சப்படாமல் நின்று பார்த்துவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதையும் நினைவில் வையுங்கள், கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்ப்பது, அப்புறம் எடுப்பது என்று அதை வீணாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆங்கில எழுத்துக்கு ஒரு வார்த்தை. இரண்டு எல் போட வேண்டும் என்று அப்பா முதல் நாளே முடிவு பண்ணிவிட்டார், அதனால் தப்பித்தேன். என் சித்தி ஒருவர், எண் ஜோதிடம் பார்த்து, கடைசியில் ஒரு ஈ சேர்த்தால் நல்ல வேலை கிடைக்கும் என்றார். ஏற்கெனவே தள்ளாடுகிற பெயருக்கு இன்னொரு எழுத்தா என்று அம்மா தடுத்துவிட்டார், வேலை எப்படியும் கிடைத்துவிட்டது. பெயரை உண்மையிலேயே மாற்ற நினைக்கிறவர்களுக்கு அரசிதழ் வழி இருக்கிறது, விண்ணப்பம் போட்டுத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு, பிறகு ஒவ்வொரு அட்டையாக மாற்றிக்கொண்டு வர வேண்டும். கல்லூரிக் காலத்தில் பேசாமல் நளினி என்றே மாற்றிக்கொண்டால் என்ன என்று ஒரு வாரம் யோசித்ததுண்டு. மாற்றினால் மட்டும் என்ன, அந்த முட்டி வலி அம்மா மாதிரி இன்னும் பல நளினிகளோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணப் பத்திரிகை புரூஃபில் அச்சுக்காரர் நளினி என்று ‘திருத்தி’ அனுப்பியது, கோவில் அர்ச்சனையில் அனுஷ நட்சத்திரத்து நளினிக்காக வேண்டிக்கொள்வது எல்லாம் உண்டு. அர்ச்சனையை விட்டுவிடுவேன், சாமிக்கு ஆள் தெரியும்.

சரி, இந்தப் பெயர் எவ்வளவு அபூர்வம்? அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்புத் துறை 1880-லிருந்து பிறந்த குழந்தைகளின் பெயர்ப் பட்டியலை வைத்திருக்கிறது, எந்த வருடம் எந்தப் பெயர் எத்தனை பேருக்கு என்று யாரும் பார்க்கலாம், ஒரு வருடத்தில் 5 பேருக்குக் குறைவாக வைத்த பெயர் மட்டும் அதில் வராது. நம் ஊரில் பெயரின் செல்வாக்கைத் தெரிந்துகொள்ள வகுப்பு வருகைப் பதிவேடுதான். என் வகுப்பில் பிரியாக்களும் திவ்யாக்களும் இனிஷியலோடுதான் நடமாடினார்கள். 1994-இல் ஐஸ்வர்யா ராய் உலக அழகி ஆன பிறகு பிறந்த ஐஸ்வர்யாக்கள் எங்களுக்குக் கீழே கூட்டமாக வந்தார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் தமிழ்ப் பெயர் அலை ஒன்று பெரிதாக அடித்திருக்கிறது. 1916-இல் பல்லாவரத்தில் வேதாசலம் மறைமலை அடிகள் ஆனார், பிறகு நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார், அதன் பின்னால்தான் வீட்டுக்கு வீடு தமிழ்ச்செல்வி, மலர்விழி, பூங்கொடி. என் அத்தைகள் எல்லாம் அந்த அலைதான். இப்போது அடிப்பது வேறு அலை, பூங்காவில் போய் யாழினி என்று கூப்பிட்டால் சறுக்கு மரத்திலிருந்து பல பேர் திரும்புகிறார்கள், மகிழினி, தமிழினி, கயல் என்று இனிமையாகத்தான் இருக்கிறது. இதில் எனக்கு ஒரு வேடிக்கை என்னவென்றால், ‘இனி’ என்று முடிவதால் என் பெயரையும் இந்தப் புது வரவில் சேர்த்துவிடுகிறார்கள். ‘இப்ப வந்த பேரு, உங்களுக்கு எப்படிங்க அப்பவே வெச்சாங்க?’ என்று ஒரு இளம் அம்மா கேட்டார். கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு என்றேன்.

அபூர்வமான பெண் பெயர் வேண்டும் என்றால் இணையத்தில் பெயர்ப் பட்டியல் போடுகிற இடங்களை நம்பாதீர்கள், பொருள் என்று பாதிக் கற்பனையை எழுதி வைத்திருக்கிறார்கள். சங்க நூல்களில் பாடிய பெண்களின் பெயர்களே ஒரு புதையல். அள்ளூர் நன்முல்லையார், வெள்ளிவீதியார், ஆதிமந்தியார், குறமகள் இளவெயினி. சிலப்பதிகாரத்தில் மாதரியின் மகள் ஐயை இருக்கிறாள். கல்வெட்டுக்குப் போனால் தஞ்சைப் பெரிய கோவிலில் ராஜராஜன் கோவிலில் ஆடுவதற்குக் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களை வீடு வீடாக வெட்டி வைத்திருக்கிறார்கள், சேரமங்கை, எடுத்தபாதம் என்றெல்லாம் பெயர்கள் வருகின்றன. எடுத்தபாதம் என்று மகளுக்கு வைக்க எனக்குத் தைரியம் வராது, ஆனால் படித்துப் பார்க்க எவ்வளவு நன்றாக இருக்கிறது.

எடுத்த பெயரை ஒருமுறை சோதித்துப் பார்த்துவிடுங்கள். என்னோடு வேலை பார்க்கிற பெண் நிறைமாதமாக இருந்தபோது மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைத்தான் செய்தோம். முறை ரொம்பச் சுலபம், இந்தப் பெயரைக் கேள்விப்படாத ஒருவருக்கு போன் போட்டு, ஒரே ஒரு முறை சொல்லி, எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்ல வேண்டும். வயதானவர் ஒருவர், இளசு ஒருவர், தமிழ் எழுதத் தெரியாதவர் ஒருவர் இருந்தால் நல்லது. ஐயை என்று சொன்னதற்கு அவளுடைய மாமா ‘ஐயா’ என்று அனுப்பினார், பெண் குழந்தைதானே என்று சந்தேகமும் கேட்டார். வெள்ளிவீதி என்றதற்கு வெள்ளிக்கிழமையா என்று பதில் வந்தது. நச்செள்ளை, அதுவும் ஒரு சங்கப் பெண் புலவர் பெயர்தான், எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் நச்சு என்று முதல் நாளே கிண்டல் ஆரம்பிக்கும் என்று அவளே வேண்டாம் என்றாள், சரிதான். இளவெயினியை மூன்று பேரும் மூன்று விதமாக எழுதினார்கள், ஆனால் மூன்றுமே அந்தப் பெயரின் எழுத்துக் குளறுபடிகள்தான், வேறு பெயர் ஆகவில்லை. இப்படிக் குளறினால் பரவாயில்லை, அதைப் பிழை என்று காட்டித் திருத்தலாம். என்னுடையதைப் போல இன்னொருவர் பெயராகவே மாறினால்தான் விடாமல் துரத்தும். ஆதிமந்தி எல்லோரும் சரியாக எழுதிய ஒரே பெயர், ஆனால் அவளுடைய மாமியாருக்கு மந்தி என்று கேட்டதும் குரங்கு ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான், முடிந்தது.

கடைசியில் நன்முல்லைக்கும் இளவெயினிக்கும் நடுவில் நிற்கிறார்கள். ஒடித்துக் கூப்பிட்டால் ஒன்று முல்லை ஆகும், இன்னொன்று இளா ஆகும், இரண்டிலும் எலும்பும் இல்லை, துணிக்கடையும் இல்லை. குழந்தை பிறந்தாயிற்று, பெண்தான், தாத்தா வீட்டில் இப்போதைக்குப் பாப்பா என்கிறார்கள். சான்றிதழில் பெயர் இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறார்கள், அடுத்த வருடம் வரைக்கும் நேரம் இருக்கிறது.